நிலத்துக்குப் பவர் எழுதப் போகிறீர்களா? முதலில் உங்கள் வக்கீலைப் பாருங்கள்

சொர்ணவாரி நெல்லை அறுத்துக் களத்தில் போட்டிருக்கிறீர்கள். தெரிந்தவர் ஒருவர் காரில் வந்து இறங்குகிறார். "கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் உங்கள் இரண்டு ஏக்கருக்கு நல்ல விலை வரும். பட்டா மாற்றுவது, அளந்து கல் நடுவது, ஆள் பார்ப்பது எதற்கும் நீங்கள் அலைய வேண்டாம். ஒரு பவர் மட்டும் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். முன்பணமும் கொண்டுவந்திருக்கிறார். பத்திரம் தயாராக இருக்கிறது, நாளைக்கே பதிவு என்கிறார்.

அந்த அவசரத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

தேர்வாய் கண்டிகை சிப்காட், ஊத்துக்கோட்டை பக்கம் சித்தூர்-தச்சூர் ஆறுவழிச் சாலை, எண்ணூரில் தொடங்கும் சென்னை எல்லைச் சாலை என்று திருவள்ளூர் மாவட்டத்தில் நிலத்தின் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. இப்படி விலை ஏறும் இடங்களில்தான் பவர் கேட்டு ஆட்கள் வருவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஆனால், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பவர் பத்திரம் என்பது விற்பனை இல்லை. பட்டாவிலும் அடங்கலிலும் உங்கள் பெயர்தான் இருக்கும், பயிரும் நீங்கள்தான் வைப்பீர்கள். ஆனால் பவர் வாங்கியவர் (பதிவுத்துறையில் இவரை முகவர் என்பார்கள்) போடும் கையெழுத்து நீங்கள் போட்டதாகவே சட்டத்தில் கொள்ளப்படும். விற்கும் அதிகாரமும் அந்தப் பத்திரத்தில் இருந்தால், உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமலேயே அவர் நிலத்தைக் கிரயம் செய்து கொடுத்துவிட முடியும். கணக்குக் காட்டாத முகவர்மீது நீங்கள் வழக்குப் போடலாம். ஆனால் நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்கியவரிடமிருந்து நிலத்தை மீட்பது எளிதல்ல.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பத்திர எழுத்தர் எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். அவரைக் குறை சொல்வதற்கில்லை. சொன்னதைப் பிழையில்லாமல் எழுதுவது அவர் வேலை. எதை எழுதக் கூடாது என்று உங்கள் பக்கம் நின்று சொல்வது வக்கீலின் வேலை. தரகர் கூட்டிவரும் வக்கீல் தரகருடைய வக்கீல் என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் தேடிப்பிடித்து, நீங்கள் கட்டணம் கொடுத்தவர்தான் உங்கள் வக்கீல்.

அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, பொதுப் பவர் தேவையா, சிறப்புப் பவர் போதுமா என்பது. பெரும்பாலும் சிறப்புப் பவரே போதும். உட்பிரிவு செய்து பட்டா வாங்க, நில அளவைக்கு ஆஜராக, ஒரு வழக்கை நடத்த என்று அந்த ஒரு வேலையை மட்டும் எழுதி, சர்வே எண், பரப்பு, நான்கெல்லை காட்டி, காலக்கெடுவும் வைத்துக் கொடுக்கலாம். பொதுப் பவர் வரைவில் "விற்கவும், அடமானம் வைக்கவும், முன்பணம் பெறவும், இழப்பீடு பெறவும், நீதிமன்றத்தில் சமரசம் செய்யவும்" என்று வரிசையாக ஓடும். இதில் "இழப்பீடு பெறவும்" என்ற இரண்டு சொற்களைச் சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்கப்படும் ஊர்க்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். அரசு தரும் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவதா, முகவர் கைக்குப் போவதா என்பது அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. தேவையில்லாததை வக்கீலை விட்டு அடிக்கச் சொல்லுங்கள். விற்கத்தான் பவர் என்றால், குறைந்தபட்ச விலையையும், முழுத் தொகையும் உங்கள் கணக்கில் வங்கி வழியாகவே வர வேண்டும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது அந்த முன்பணம். கொடுத்த பவரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்துகொள்ளலாம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சாதாரணப் பவருக்கு அது சரி. ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 202, முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை நலன் இருந்தால் அந்த நலனுக்குக் கேடாக அதிகாரத்தை முடித்துவிட முடியாது என்கிறது. பணம் வாங்கிக்கொண்டு, விற்பனை ஒப்பந்தமும் போட்டு, கூடவே பவரும் கொடுத்துவிட்டால் பிறகு ரத்து செய்வது நீதிமன்ற வழக்காக முடியலாம். வாங்கும் பணத்துக்கு என்ன பெயர் வைத்து எழுதுகிறார்கள் என்று வக்கீல் படித்துச் சொன்ன பிறகு கை நீட்டுங்கள்.

"பதிவுக் கட்டணம் அதிகம், நோட்டரியிடம் போட்டுக்கொள்ளலாம்" என்றும் சிலர் சொல்வார்கள். இது நடக்காது. அசையாச் சொத்து தொடர்பான பவர் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் சட்டம். கட்டணம் கூடியிருப்பது உண்மைதான். குடும்ப உறுப்பினர் அல்லாதவருக்கு விற்பனை அதிகாரம் கொடுத்தால் முன்பு 10,000 ரூபாயாக இருந்த கட்டணம், 2023 ஜூலையில் சொத்தின் சந்தை மதிப்பில் 1 சதவீதம் ஆனது. குடும்பத்துக்குள் கொடுத்தால் செலவு குறைவு.

நிலம் வாங்கும் விவசாயிக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பவரையும் ஒப்பந்தத்தையும் உயிலையும் கையில் கொடுத்து "நிலம் உங்களுடையது" என்றால் நம்பாதீர்கள். பதிவு செய்த கிரயப் பத்திரம் இல்லாமல் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் 2011 அக்டோபர் 11 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. முகவரிடமிருந்து கிரயம் வாங்கும்போது, நிலத்துக்காரர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பெற்ற சான்றாக இருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவரும் அன்றோடு முடிந்தது. அப்பா கொடுத்த பவரை வைத்து அவர் காலமான பிறகு யாராவது பத்திரம் போட வந்தால், வாரிசுகள் தாமதிக்காமல் இறப்புச் சான்றோடு சார்பதிவாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பிள்ளை துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான். படுக்கையில் கிடக்கும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு ஓட வேண்டியதில்லை. மனு கொடுத்துக் கட்டணம் கட்டினால் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய சட்டத்தில் இடமுண்டு.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் திருவள்ளூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

ஏற்கெனவே பவர் கொடுத்துவிட்டு இப்போது நெஞ்சு படபடக்கிறவர்கள், இன்றைக்கே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். நிலம் இன்னும் கைமாறவில்லை என்றால் பத்திர நகலோடு வக்கீலிடம் போங்கள். ரத்து செய்யக் கூடியதாக இருந்தால் ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்து, முகவருக்கு ஒப்புகையோடு தபாலில் அறிவிப்பு அனுப்பி, அந்த ஒப்புகையை நிலப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.