எட்டுப் பேரோடு ஒன்பதாவதாக

சுவரில் மாட்டியிருந்த மரப்பலகையில் மூன்று எண்கள் இருந்தன. அன்றைய ஆராதனையில் பாடவேண்டிய பாடல்களின் எண்கள் அவை. அந்த அறையில் என்னால் படிக்க முடிந்தது அந்த எண்களை மட்டும்தான்.

அது, முன்பு கிழக்கு ஜெர்மனியாக இருந்த பகுதியில், ஐஸ்லேபன் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் படிக்கச் சென்றிருந்தேன். நவம்பர் மாதக் கடைசி ஞாயிறுகளில் ஒன்று. வெளியே கடுங்குளிர்.

ஹாலேயைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் கிள்ளானில் வாழும் தமிழ் லூத்தரன் குடும்பம். ஹாலேயில் படித்த சீகன்பால்க் 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கி, சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்ற கதையைப் பாட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கு அச்சாகி முடிந்தது. ஹாலேயில் பிராங்கே நிறுவிய கல்வி நிலையத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் உள்ளன.

மார்ட்டின் லூத்தர் 1483இல் பிறந்ததும் 1546இல் இறந்ததும் ஐஸ்லேபனில்தான். அந்தப் பக்கத்துத் தேவாலயங்களில் உட்கார இடம் கிடைக்காது என்று நினைத்திருந்தேன். என் வகுப்புத் தோழன் சிரித்தான். “நான் ஞானஸ்நானம் பெற்றதில்லை. என் அப்பாவும் பெற்றதில்லை. எங்கள் பாட்டி மட்டும்தான் போவார். வேண்டுமானால் அவரோடு போய்ப் பார்” என்றான்.

என்னைக் காரில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு அவன் கிளம்பிவிட்டான். அவனுடைய பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தக் காலத்துப் பள்ளியில் அவர் படித்த அயல்மொழி ரஷ்ய மொழி. எனக்குத் தெரிந்த ஜெர்மன், கடையில் ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான். அவர் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார்.

நான்கு பெயர்கள்

பெரிய தேவாலயத்தைச் சூடேற்றக் கட்டுப்படியாகாது. அதனால் குளிர்காலத்தில் பக்கத்திலுள்ள சிறிய அறையில்தான் ஆராதனை. பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு பெண் போதகர். இந்த ஊருக்கு மாதம் ஒருமுறைதான் வருகிறாராம். நாற்காலிகளில் எட்டுப் பேர். என்னையும் சேர்த்தால் ஒன்பது. நான் இல்லாவிட்டால், ஆக இளையவருக்கே அறுபது வயதிருக்கும்.

பிரசங்கத்தில் ஒரு வாக்கியமும் புரியவில்லை. கைப்பேசியை எடுக்கவும் கூச்சமாக இருந்தது. ‘ஏன் வந்தோம்’ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போதகர் ஒரு தாளை எடுத்து நிதானமாக வாசித்தார். ஒரு பெயர், மணியோசை, ஒரு மெழுகுவத்தி. மீண்டும் ஒரு பெயர். அந்த ஆண்டில் இறந்த சபையார் அவர்கள் என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டேன். மொத்தம் நான்கு பெயர்கள். எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த அறையில் நான்கு மெழுகுவத்திகள்.

பிறகு எல்லாரும் எழுந்து ஒரே குரலில் ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஏற்ற இறக்கத்தை வைத்தே அது பரமண்டல ஜெபம் என்று தெரிந்தது. நான் தமிழில் மெல்லச் சொன்னேன். அவர்கள் முடித்தபோது எனக்கு இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தது. நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். யாரும் தலை நிமிரவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தார்கள். ‘ஆமென்’ மட்டும் எல்லாரும் சேர்ந்து சொன்னோம்.

செயலி சொல்லாத சொல்

ஆராதனைக்குப்பின் காப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். தோழனின் பாட்டி ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினார். கறுப்பு உடையில் ஒரு பதினான்கு வயதுப் பெண். கைப்பேசியை நீட்டினேன். அவர் பேசியதைச் செயலி ‘உறுதிப்படுத்தல்’ என்று மொழிபெயர்த்தது. பயணச்சீட்டைப் பற்றிப் பேசுகிறாரோ என்று குழம்பினேன். படத்தில் அந்தப் பெண்ணின் கையில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அது திடப்படுத்தல்! பதினைந்து வயதில் நானும் அதே உறுதிமொழியைச் சொன்னவள்தான்.

நான் புதுத்துணி உடுத்திச் சொன்னேன், பிரியாணி சாப்பிட்டேன். அவருக்கு அது விலை கொடுக்கவேண்டிய காரியமாக இருந்தது. அன்றைய கம்யூனிச அரசு, திடப்படுத்தலுக்குப் போட்டியாக இளையர்களுக்கென ஒரு சடங்கை 1950களில் கொண்டுவந்தது. அதில் உறுதிமொழி எடுக்க மறுத்த பல மாணவர்களுக்கு உயர்கல்வி வாய்ப்பு மறுக்கப்பட்டது. இந்தப் பாட்டி ஆசிரியராக விரும்பினார். அவர் வேலை செய்ததோ ரொட்டிக்கடையில். 1990இல் அந்த நாடே இல்லாமல் போனது. ஆனால் சபையை விட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. வட்டாரத்துச் செம்புச் சுரங்கங்களும் மூடப்பட்டதால் வேலை தேடி இளையர்கள் வெளியேறினார்கள்.

“வருத்தமாக இல்லையா?” என்று செயலியில் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு அவர் பேசினார். திரையில் வந்த தமிழ் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருந்தது: ‘வருபவர்களை நான் எண்ணுகிறேன். இன்று ஒன்பது.’

அன்றிரவு கிள்ளானில் இருக்கும் என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். மூன்று ஆண்டுகளாக நான் ஆங்கில ஆராதனைக்குத்தான் போகிறேன். தமிழ் ஆராதனையில் பாட்டியின் பக்கத்து இடம் காலியாக இருக்கும். ஏன் வருவதில்லை என்று அவர் கேட்டபோது, “அந்தத் தமிழ் எனக்குப் புரியல பாட்டி” என்று சொல்லியிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்தவள் நான். ஒரு சொல்லும் புரியாத இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடிந்த எனக்கு, பாதி புரியும் இடத்தில் உட்காரப் பொறுமையில்லாமல் போயிருந்தது.

பிப்ரவரியில் ஊர் திரும்பியதும் முதல் ஞாயிறு பாட்டியோடு போனேன். ‘கிருபாசனம்’ என்ற சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை. கையில் எழுதிக்கொண்டேன். வீடு திரும்பும் வழியில் பாட்டியிடம் கேட்டேன். சொல்லித் தந்துவிட்டு அவர் திருப்பிக் கேட்டார்: “அந்த ஊர்ல எத்தனை பேர் இருந்தாங்க?”

“எட்டுப் பேர் பாட்டி. என்னோட ஒன்பது.”

“அடுத்த மாசம் மறுபடியும் எட்டா?” என்றார் பாட்டி. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.