எட்டடியில் கீரை, ஆறடியில் ஆடு

‘பிளஸ் டூ முடித்த மகள் அனிமேஷன் படிக்க ஆசைப்படுகிறாள். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஏ.ஐ. படத்தையே எடுத்துத் தந்துவிடும் என்கிறார்களே, இனி லேயரும் வெக்டரும் எதற்கு?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். படம் தருவது உண்மைதான். கதாநாயகனின் முழங்கையை மட்டும் அரை அங்குலம் நகர்த்தச் சொல்லிப் பாருங்கள். பல நேரம் முழங்கையோடு மூக்கும் மாறி வரும்.

வெக்டர் படத்தில் முழங்கை என்பது சில புள்ளிகள், அவ்வளவுதான். அவற்றை நகர்த்தினால் மூக்குக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் புள்ளிகளுக்கு நடுவே அந்த வழுவழுப்பான வளைகோடு எங்கிருந்து வருகிறது?

வேலியோரம் கிணற்றடியிலிருந்து பட்டிக்கு ஓர் ஆட்டை ஓட்டவேண்டும். இடைவெளி எட்டடி. கிணற்றடிக்கு நேராக, வேலியிலிருந்து எட்டடி தள்ளி ஒருவர் அகத்திக்கீரைக் கட்டோடு நிற்கிறார். பட்டிக்கு நேராகவும் அதே தூரத்தில் இன்னொருவர். ஆடு முதல் கட்டைப் பார்த்துப் புறப்படும். எட்டுவதற்குள் இரண்டாவது கட்டு இழுக்கும். அங்கும் போய்ச் சேராமல் பட்டிப் பக்கம் திரும்பிவிடும். கட்டைத் தள்ளிப் பிடித்தால் வளைவு அகலும், கிட்டே பிடித்தால் குறுகும். ஆட்டின் தடம்தான் பெசியே வளைகோடு. கீரைக்கட்டுகள் அதன் ஹேண்டில்கள்.

பாதி நேரத்தில் ஆடு எங்கே நிற்கும்? கிணற்றடி, கட்டு, கட்டு, பட்டி: வேலியிலிருந்து 0, 8, 8, 0 அடி. அடுத்தடுத்த இரண்டுக்கும் நடுப்புள்ளி எடுத்தால் 4, 8, 4. மறுபடி எடுத்தால் 6, 6. இன்னொரு முறை, 6. எட்டடியில் கீரை, ஆறடியில் ஆடு. அதற்கு மேல் ஓர் அங்குலம் போகாது, ஓர் இலையும் கிடைக்காது. பாதிக்குப் பதில் கால், முக்கால் என்று பிரித்து இதே கணக்கைப் போட்டுக்கொண்டே போனால் முழுத்தடமும் வந்துவிடும். தபால்தலையோ கட்-அவுட்டோ, கணினி சேமிப்பது நாலே புள்ளிகளைத்தான்.

வரலாறு இல்லாமல் விடமாட்டீர்கள். சிட்ரோயன் கார் கம்பெனியில் பால் டி காஸ்டல்ஜோ 1959-இல் இந்த நடுப்புள்ளி முறையைக் கண்டார். கம்பெனி வெளியே விடவில்லை. ரெனோவின் பியர் பெசியே 1960-களில் தனி வழியில் இதே கோட்டுக்கு வந்து, கட்டுரையாக வெளியிட்டார். பெயர் அவருக்குப் போயிற்று. போதும்.

அசைவுக்கும் நடுப்புள்ளியேதான். முதல் கீஃபிரேமில் கை தொங்குகிறது. கடைசி கீஃபிரேமில் தலைக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. இடையிலுள்ளதைக் கணினி நிரப்பட்டும் என்று விட்டால், விரல்நுனிக்கு நடுப்புள்ளி எது? தோள்! கை சுருங்கித் தோளுக்குள் புதைந்து மறுபுறம் முளைக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் மென்பொருளைத் திட்டுவார்கள். அது கணக்கைச் சரியாகத்தான் போட்டது. கையைத் தனி லேயராகப் பிரித்து, தோளில் அச்சு வைத்து, புள்ளிக்குப் பதில் கோணத்துக்கு நடு கேட்டிருக்க வேண்டும். 0-க்கும் 180-க்கும் நடு 90. கை பக்கவாட்டில் முழுநீளத்துக்கு நீளும். மலைக்கு முன்னால் மரம், மரத்துக்கு முன்னால் மனிதன் என்று அடுக்கிக் காட்டிவிட்டு லேயர் பாடத்தை முடித்துக்கொள்ளும் வகுப்புகளுக்குக் கட்டணம் கட்டுமுன் யோசியுங்கள். சின்ஃபிக், பிளெண்டர் இரண்டும் இலவசம். இந்தக் கையை வீட்டிலேயே தூக்கிப் பார்க்கலாம்.

அடுத்து வேகம். மேலிருந்து பந்து விழ 24 ஃபிரேம். வேகத்தைச் சீராக விட்டால் 12-ஆவது ஃபிரேமில் பாதித் தூரம் இறங்கியிருக்கும், விழுவதாகவே தோன்றாது. நிஜப் பந்து பாதி நேரத்தில் கால்வாசித் தூரமே கடக்கும். பிளெண்டரின் கிராஃப் எடிட்டரில் கிடையாக நேரம், நெடுக்காகத் தூரம். கோடு அதே பெசியே. முதல் ஹேண்டிலை 8-ஆவது ஃபிரேமில் தூரம் 0-விலும், இரண்டாவதை 16-ஆவது ஃபிரேமில் மூன்றில் ஒரு பங்குத் தூரத்திலும் வையுங்கள். ஆட்டின் கணக்கையே போடுங்கள்: 0, 0, 1/3, 1. நடுப்புள்ளிகள் 0, 1/6, 2/3. பிறகு 1/12, 5/12. கடைசியில் 1/4. கலிலியோ சொன்ன கால்வாசி, துளியும் பிசகவில்லை.