டப்பாங்குத்துக்குத் தோல் எங்கிருந்து வந்தது?

ஆம்பூர் பக்கம் கல்யாண ஊர்வலம் போகும்போது கவனியுங்கள். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் “நடனமாடலாம்” என்று சொல்லவே மாட்டார்கள். “டேய், ஒரு குத்து போடலாம் வாடா!” அவ்வளவுதான், டப்பாங்குத்து ஆரம்பம்.

இந்தப் பேரை டப்பாங்கூத்து என்றும் எழுதுவார்கள். கூத்து என்றால் ஆட்டம், சரி. டப்பா? தகர டப்பாவைத் தட்டும் சத்தம் என்று சொல்வோர் உண்டு. எனக்கென்னவோ பறை மேல்தான் சந்தேகம். பறைக்குத் தப்பு என்றும் பெயர்; தப்பாட்டம் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேரணாம்பட்டு தாண்டி மலையேறினால் ஆந்திராவின் சித்தூர்ச் சீமை. அங்கே தெலுங்கில் இதே வாத்தியம் ‘டப்பு’! டப்பாங்குத்து என்றதும் சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பறை அடித்தவர்களையும் தோல் வேலை செய்தவர்களையும் சாதி சொல்லி ஒதுக்கிய ஊர்ப்புத்தி அது. வாத்தியத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அந்த வாத்தியத்துக்குள் நல்ல அறிவியல் இருக்கிறது. வட்டமான மரச்சட்டம், அதன் ஒரு பக்கம் மட்டும் தோல். ஒரு கையில் மெல்லிய, நீளமான சிண்டுக்குச்சி. இன்னொரு கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி, பறையை அனலில் காட்டிக் காய்ச்சுவார்கள். நடுநடுவே விரலால் ஒரு தட்டு. முதலில் ‘தொப்... தொப்...’ என்று தூங்கும். கொஞ்ச நேரத்தில் ‘டண்! டண்!’

என்ன நடந்தது? தோல் முழுக்கக் கொலாஜன் என்ற புரத இழைகள் பின்னிக் கிடக்கின்றன. காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து அவை உப்பித் தளர்ந்துவிடும். அனல் பட்டால் ஈரம் ஆவியாகி இழைகள் சுருங்கப் பார்க்கும். ஆனால் தோலின் ஓரம் சட்டத்தோடு புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருக்கிறதே! சுருங்க வழியில்லாமல் விறைத்து இறுகுகிறது. இறுகிய தோல் விநாடிக்கு அதிகத் தடவை அதிரும்; சத்தம் கூர்மையாகும். ஆனாலும் சுருதி சுலபத்தில் ஏறாது: அதிர்வெண் 2 மடங்காக வேண்டுமென்றால் இழுவிசை 4 மடங்காக வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று வழியெல்லாம் டேனரிதானே, ஷூவுக்குப் போகிற தோலில் ஒரு துண்டைப் பறைக்குப் போர்த்தினால் என்ன? சத்தமே எழும்பாது. டேனரியில் ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளின் சாறிலோ குரோமிய உப்பிலோ தோலை ஊறவைப்பார்கள். அந்தப் பொருள்கள் கொலாஜன் இழைகளோடு பிணைந்துகொள்வதால் தோல் அழுகாது. பிறகு எண்ணெய்ப் பசை ஏற்றுவதால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கும். காலுக்கு அந்த மெத்தென்ற குணம் சுகம். பறைக்கோ அது ஆகாது, அதிர்வையே விழுங்கிவிடும். அதனால் பறைக்குப் பதனிடாத பச்சைத் தோல்தான். முடியை நீக்கி, ஈரத்தோடு இழுத்துக் கட்டிக் காயவிட்டால் பலகை மாதிரி விறைக்கும்.

மழை வந்தால் மட்டும் திண்டாட்டம். தூறலிலேயே பழையபடி ‘தொப்’தான். அதனால் சில குழுக்கள் பிளாஸ்டிக் தாள் போர்த்திய பறைக்கு மாறிவிட்டன. அது ஈரம் குடிக்காது, நெருப்பும் கேட்காது. சத்தம் கொஞ்சம் தகரம் மாதிரி என்பது என் கட்சி.

அடுத்த திருவிழாவில் பறை அடிக்கும் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தட்டைப் போனில் பதிவு செய்யுங்கள். சுருதி பார்க்கும் செயலி இருந்தால் இரண்டுக்கும் எத்தனை ஹெர்ட்ஸ் வித்தியாசம் என்று எழுதி அனுப்புங்கள்.