நன்கொடையாளருக்கு மட்டும்: அமெரிக்கப் பொது வானொலியின் விருந்து மேசை

அமெரிக்காவில் பொது வானொலி கேட்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லை ஒன்று உண்டு. ஆண்டுக்குச் சில முறை, காலைச் செய்திகளுக்கு நடுவே, அதுவரை உலக நடப்பைச் சொல்லிக்கொண்டிருந்த அதே குரல் பணம் கேட்கத் தொடங்கிவிடும். மாதம் பத்து டாலர் கொடுங்கள், காபிக் கோப்பையோ துணிப்பையோ அனுப்பிவைக்கிறோம் என்று நாள்கணக்கில் கெஞ்சும். இதற்கு 'பிளெட்ஜ் டிரைவ்' என்று பெயர். கேலிச் சித்திரக்காரர்களுக்கு வற்றாத தீனி.

இது எல்லோர் காதிலும் விழும் வசூல். காதில் விழாத வசூல் ஒன்றும் இருக்கிறது. ஆண்டுக்கு 1,000 டாலரை ஒட்டியும் அதற்கு மேலும் தருபவர்களை நிலையங்கள் தனிப் பட்டியலில் வைத்திருக்கின்றன. அவர்களுக்குத் தனி அழைப்பிதழ் போகும். ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்க்கலாம், நிகழ்ச்சி பதிவாவதை நேரில் காணலாம், முடிந்ததும் தொகுப்பாளரோடு நின்று பேசலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். இன்னும் பெரிய தொகை தருபவர்களுக்கு அவரோடு ஒரே மேசையில் இரவு விருந்து. திருவிழாவில் உபயதாரருக்குப் பரிவட்டம் கட்டுவதைப் போலத்தான்: சாமி எல்லோருக்கும் பொது, மரியாதை மட்டும் பட்டியலைப் பார்த்து.

பொது ஊடகத்துக்கு எதற்கு இந்த வேலை? நம் ஆகாசவாணிக்கு அரசு பணம் தருகிறது. பிபிசிக்கு பிரிட்டன் மக்கள் உரிமக் கட்டணம் கட்டுகிறார்கள். அமெரிக்கா இரண்டையும் முழுமையாக ஏற்கவில்லை. போரில் சேர மறுத்தவரான லூயிஸ் ஹில், 1949இல் பெர்க்லி நகரில் கேபிஎஃப்ஏ நிலையத்தைத் தொடங்கியபோது, விளம்பரமும் வேண்டாம், அரசுப் பணமும் வேண்டாம், கேட்பவர்களே ஆண்டுக்கு 10 டாலர் கட்டட்டும் என்றார். கேட்கக்கூடியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் கட்டினாலே நிலையம் ஓடிவிடும் என்பது அவர் கணக்கு. அரசுப் பணம் வந்தது 1967இல், அதிபர் லிண்டன் ஜான்சன் பொது ஒலிபரப்புச் சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகு. அப்போதும் அது ஒரு பங்குதான். வானொலி நிலையங்களின் வருவாயில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தது. மிச்சத்துக்குக் கை நீட்ட வேண்டிய இடம் நேயர்கள், அறக்கட்டளைகள், நிகழ்ச்சி ஆதரவு தரும் நிறுவனங்கள்.

நேயர்களிடம் விற்க இவர்கள் கையில் இருக்கும் சரக்கு குரல்தான். நாடெங்கும் உள்ள நிலையங்களுக்கு நிகழ்ச்சி தரும் தேசியப் பொது வானொலி அமைப்பான என்பிஆரின் 'வெயிட் வெயிட்... டோன்ட் டெல் மீ' என்ற வினாடி வினா 1998இல் தொடங்கியபோது ஜெயித்தவருக்குக் கொடுக்கப் பணப்பரிசு எதுவும் இல்லை. பல ஆண்டுகள் காலைச் செய்தி வாசித்த கார்ல் கேசல், ஜெயித்தவர் வீட்டுத் தொலைபேசியின் பதிலளிக்கும் கருவிக்குத் தன் குரலில் வாசகம் பதிவு செய்து தருவார். அதுதான் பரிசு. மக்கள் அதற்காகவே போட்டி போட்டார்கள். முகம் தெரியாத குரலோடு தினமும் சமையலறையிலும் காரிலும் கூடவே வாழ்ந்தவர்களுக்கு அதன் சொந்தக்காரரை நேரில் பார்ப்பதற்கு என்ன விலை என்பதை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

அந்த விலையை அமெரிக்க வரித்துறை எப்படி மதிக்கிறது என்பது தனிச் சுவை. 75 டாலருக்கு மேல் நன்கொடை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஏதாவது கொடுத்தால், கொடுத்ததன் சந்தை மதிப்பை அமைப்பு எழுத்தில் சொல்ல வேண்டும். 1,000 டாலர் தந்தவர் 150 டாலர் பெறுமான விருந்து சாப்பிட்டால் 850 டாலருக்குத்தான் வரிச்சலுகை. விருந்துக்கு வந்த பிரபலத்துக்கு என்ன மதிப்பு? விதிமுறையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1,000 டாலர் தந்தவருக்குப் புகழ்பெற்ற ஓவியர் ஒருவர் அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டுகிறார்; அவர் அதைத் தொழிலாகச் செய்பவர் இல்லை, அங்கே சுற்றிப் பார்ப்பதும் பொதுவாக இலவசம் என்பதால் அந்தச் சுற்றின் மதிப்பைப் பூஜ்யம் என்று கணக்கிடலாம். விருந்தில் பேசிச் சிரிக்கும் வானொலித் தொகுப்பாளருக்கும் இதே தர்க்கம் பொருந்தக்கூடும். ஆக, எதற்காக வந்தார்களோ அதற்கு ரசீதில் விலையே இல்லை. கோழிக்கறிக்கு மட்டும் விலை உண்டு.

இதில் தவறு என்ன என்று கேட்கலாம். தொகுப்பாளரோடு படம் எடுத்துக்கொள்வதால் செய்தி கெட்டுப்போகாது. என்பிஆரின் நெறிமுறையும் கவனமாகவே எழுதப்பட்டது: செய்தியாளர்கள் ஆதரவாளர் கூட்டங்களில் தங்கள் வேலையைப் பற்றிப் பேசலாம்; அங்கே பணம் கேட்பது அவர்கள் வேலை இல்லை. காகிதத்தில் சுவர் உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் விருந்து மேசையில் சறுக்கியவர்கள் வரலாறு நீளம்.

பொது ஊடகம் அல்லாத வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2009இல் பதிப்பாளர் வீட்டில் விருந்துகள் நடத்தத் திட்டமிட்டது. அதிகாரிகளோடும் சொந்தச் செய்தியாளர்களோடும் பதிவில் வராத பேச்சு. ஒரு விருந்துக்கு ஆதரவாளராக 25,000 டாலர். விளம்பரத் தாள் வெளியே கசிந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. 2011இல் என்பிஆரின் நிதி திரட்டும் அதிகாரி, 50 லட்சம் டாலர் தருவதாகச் சொன்ன போலி நன்கொடையாளர்களோடு மதிய உணவுக்கு உட்கார்ந்து, குடியரசுக் கட்சியினரில் ஒரு பிரிவைப் பழித்துப் பேசியது ரகசியக் கேமராவில் பதிவானது. அந்தப் பணத்தை என்பிஆர் வாங்கவில்லை. இருந்தும் தலைமை நிர்வாகி விவியன் ஷில்லர் பதவி இழந்தார்.

இவை வெடித்த சம்பவங்கள். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, வெடிக்காமல் புகைந்த ஒன்று. நியூயார்க்கின் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூநெட்டின் இயக்குநர் குழுவில் இருந்தவர் கோடீஸ்வரர் டேவிட் கோக். 2012 நவம்பரில் பார்க் அவென்யூவின் பணக்காரர்களைப் பற்றிய அலெக்ஸ் கிப்னியின் ஆவணப்படம் ஒளிபரப்பாக இருந்தது. படம் கோக்கையும் விமர்சித்தது. ஒளிபரப்புக்கு முன்பே நிலையத் தலைவர் கோக்குக்குப் போன் செய்து, பதில் சொல்ல இடம் தர முன்வந்தார். படம் வெளியானது, பின்னாலேயே ஒரு விவாதமும் வந்தது. 2013 மே மாதம் கோக் குழுவிலிருந்து விலகினார். யாரும் யாரையும் மிரட்டியதாகத் தெரியவில்லை. படத்தில் வரும் சாமானியர் எவருக்கும் அப்படியொரு போன் போயிருக்காது, அவ்வளவுதான். பணம் செய்தியை விலைக்கு வாங்குவதில்லை. யாரைப் பற்றி எழுதும்போது தயங்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கிறது.

2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம், பொது ஒலிபரப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுத்த கழகம் ஆகஸ்ட் மாதமே கடையைக் கட்டும் வேலையைத் தொடங்குவதாக அறிவித்தது. இனி நன்கொடையாளர் விருந்துகள் கூடத்தான் செய்யும். கூடட்டும், ஆனால் யார் எவ்வளவு தந்தார்கள் என்பது வெளியே தெரிய வேண்டும். நன்கொடையாளரைப் பற்றிய செய்தி வரும்போது, இவர் எங்களுக்குப் பணம் தருபவர் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். பல நிலையங்கள் இப்போதே சொல்கின்றன. விருந்தில் பேசுவது பதிவில் வராத பேச்சாக இருக்கக் கூடாது.

இவ்வளவும் நியூயார்க், பாஸ்டன், சிகாகோ போன்ற நகரங்களின் கவலை. அலாஸ்காவின் பெத்தேல், சாலை வழியே போய்ச் சேர முடியாத, சுமார் 6,000 பேர் வாழும் ஊர். அங்குள்ள கேஒய்யூகே நிலையம் யூப்பிக் மொழியிலும் செய்தி சொல்கிறது. அதன் வருவாயில் பெரும்பகுதி மத்திய அரசிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் ஆயிரம் டாலர் விருந்துக்கு ஆள் சேர்த்து அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது.