முயல் முடி நூலில் நிற்பது எப்படி?

ட்ரௌட் மீனை ஏமாற்றும் ‘ஹேர்ஸ் இயர்’ என்ற பொய்ப்பூச்சிக்கு உடம்பே காட்டு முயலின் முக முடிதான். வழவழப்பான நூலில் அந்தக் குட்டை முடி எப்படி நிற்கிறது?

தூண்டில் முள்ளில் கட்டிய நூலை வளையமாக இறக்கி, மெழுகு தடவி, இரு இழைகளுக்கு நடுவே முடியைப் பரப்புகிறார்கள். வளையத்தின் அடியில் பித்தளைக் கனம் கொண்ட சுழற்றியை மாட்டி ஒரு சுண்டு சுண்டுவார்கள். நம் தக்களி மாதிரியேதான். கனம் இருப்பதால் சுழற்சி சட்டென்று நிற்காது. முறுக்கு ஏற ஏற இழைகள் ஒன்றையொன்று நெருக்கும். நெருக்கம் கூடினால் உராய்வும் கூடும். மெழுகின் வேலை, அதுவரை முடி நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. பிடிபட்ட முடிகள் பாட்டில் கழுவும் பிரஷ் போலச் சுற்றிலும் சிலிர்த்து எழும். அந்த நொடி எனக்கு அலுப்பதேயில்லை. அந்த நூலை முள்ளில் சுற்றிவிட்டால், தண்ணீரில் அசையும்போது மீனுக்கு அந்த முடிகள்தான் பூச்சியின் கால்கள்.

முறுக்கு மீறினால் நூல் பட்டென்று அறும். அத்தனை முடியும் மேசையில் கொட்டிவிடும்.