திரையில் தெரியாத கால்கள்

சில ஆண்டுகளுக்கு முன், இதயச் செயலிழப்புக்காக என்னிடம் சிகிச்சை பெற்றுவந்த அம்மையார் ஒருவர் காணொளி அழைப்பில் வந்தார். நலம் விசாரித்தேன். “நன்றாக இருக்கிறேன், டாக்டர்” என்று சிரித்தார். முகத்தில் வாட்டமில்லை, பேச்சிலும் தளர்ச்சியில்லை. மருந்துகளைத் தொடரச் சொல்லிவிட்டு அழைப்பை முடிக்க இருந்தேன். அப்போது அருகிலிருந்த மகள், “இரண்டு நாளாக அம்மாவுக்குச் செருப்பே நுழையவில்லை, டாக்டர்” என்றார்.

கைப்பேசியைக் கீழே திருப்பச் சொன்னேன். இரு கால்களும் வீங்கியிருந்தன. கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தச் சொன்னேன். விரலை எடுத்த பின்னும் குழி மறையவில்லை. அன்றே அவரை மருத்துவமனைக்கு வரவழைத்தோம்.

நேரில் வந்திருந்தால், கதவிலிருந்து நாற்காலிவரை அவர் நடந்து வருவதிலேயே பாதி செய்தியை அறிந்திருப்பேன். திரை முகத்தை மட்டுமே காட்டியது; மற்றதை நான் கேட்கத் தவறினேன். காணொளி ஆலோசனையை நேர்ச் சந்திப்புக்கு நெருக்கமாகக் கொண்டுவருவது கருவி மட்டுமன்று. திரைக்கு வெளியே இருப்பதை எடுத்துக்காட்டும் குடும்பத்தாரும்தான் என்பதை அன்று கற்றேன்.

ஆகவே, அழைப்புக்கு முன் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள். வெளிச்சம் முகத்தின்மேல் விழட்டும். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் இருண்டுவிடும். உட்கொள்ளும் மருந்துகளின் அட்டைகளையும், எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவுக் குறிப்புகளையும் அருகில் வையுங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்று நாள்களில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடியிருந்தால், அழைப்பு நாள்வரை காத்திராமல் உடனே தெரிவியுங்கள். நோயாளியைச் சில அடிகள் நடக்கச் சொல்லிக் காட்டுங்கள்.

உரையாடலுக்கும் ஒரு முறை உண்டு. நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்ததும் மற்றவர் நொடிப்பொழுதுக்குள் தொடங்கிவிடுவார். இணையத்தில் ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் இருவர் பேச்சும் மோதிக்கொள்கின்றன; முதியவர்கள் சொல்ல வந்ததை விழுங்கிவிடுகிறார்கள். ஆதலால் நானும் காத்திருக்கிறேன், நீங்களும் காத்திருங்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது, கேமரா திரைக்கு மேலே இருப்பதால், கீழே பார்ப்பதுபோல் தோன்றும். அது கவனக்குறைவு அன்று. நோயாளியையே முதலில் பேச விடுங்கள். விடுபட்டதைப் பின்னர் நீங்கள் சேருங்கள்.

தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளை இந்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது. அதன்படி, நேரில் பரிசோதிப்பது தேவை என்று மருத்துவர் கருதினால் எந்தக் கட்டத்திலும் நோயாளியை வரச் சொல்லலாம். அப்படிச் சொல்லும்போது, அழைப்பு வீணாயிற்று என்று வருந்த வேண்டாம். வர வேண்டிய நேரத்தை அறிவித்ததே அதன் பயன்.

நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், முகம் கோணுதல், கை அல்லது கால் திடீரெனச் செயலிழத்தல் ஆகியவற்றுக்குக் காணொளி அழைப்பு ஏற்றதன்று. உடனே 108-ஐ அழையுங்கள்.

அந்த அம்மையார் இப்போதும் காணொளியில் வருகிறார். நான் கேட்கும் முன்பே மகள் கைப்பேசியைக் கால்களை நோக்கித் திருப்பிவிடுகிறார். அதன் பிறகுதான் நாங்கள் நலம் விசாரித்துக்கொள்கிறோம்.