நிரையில் பாடியதும் உருமியில் அடிப்பதும்

பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ரப்பர் காட்டுக்குள் நுழையும்போது விடிந்திருக்காது. வெயில் ஏறிவிட்டால் பால் ஒழுகாது என்பதால் இருட்டோடு இருட்டாக மரம் சீவினார்கள். ஆளுக்கொரு நிரை மரம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மலேசியாவின் நெகிரி செம்பிலானில் லாபு, லிங்கி, ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் எங்கள் பாட்டிமாருக்குப் பாட்டுதான் துணை. ஒருத்தி ஓர் அடியை எடுத்துவிட்டால் அடுத்த நிரையிலிருந்து பதிலடி வரும்.

தாலாட்டு மெட்டில் கங்காணியைத் திட்டுவார்கள். கும்மி மெட்டில் துரையைக் கிண்டல் செய்வார்கள். எடையில் கைவைத்தவன், கூலியில் பிடித்தவன், பெண்பிள்ளைகளிடம் வாலாட்டியவன் எல்லோரும் அதில் மாட்டினார்கள். யாராவது கேட்டால், பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டு என்று சொல்லித் தப்பிக்கலாம். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆண்களை அள்ளிக்கொண்டு போனபோது அந்த ஒப்பாரியும் பாட்டாயிற்று. நாலைந்து வரிதான், மெட்டு இனிக்கும், சொல் உறைக்கும். இவற்றைக் கலகப் பாடல்கள் என்றே நான் சொல்வேன். 1954ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதைக் கட்டி வளர்த்த பி.பி. நாராயணன் தொடங்கியதே நெகிரி செம்பிலான் தொழிற்சங்கத்தில்தான். அதற்கெல்லாம் முன்னால், முறையீடு செய்ய நிரைதான் இருந்தது.

எங்கள் பாட்டி பாடும்போது சீவுகத்தியின் பிடியால் வாளி விளிம்பில் தட்டுவாராம். காலி வாளி கணீரென்று பேசும். பால் நிறைய நிறையக் குரல் அடங்கும். வீட்டில் குளியலறை வாளியில் தட்டிக் காட்டினார். "இது பிளாஸ்டிக்குடா, பேசாது" என்றார்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குலை அறுக்க இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வந்தார்கள். நம்மவர்கள் தாமான் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தார்கள். சிரம்பான் 2 எழுந்த நிலமும் ஒரு காலத்தில் தோட்டம்தான்.

இன்று அந்தப் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் கையில் உருமி மேளம். தைப்பூசத்திலும் சாவு வீட்டிலும் வளைகுச்சி தோலில் இழையும்போது வயிற்றுக்குள் ஏதோ புரளும். 2006ல் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' வந்து, தமிழ்ச் சொல்லிசைக்கு மலேசியாவிலிருந்து ஒரு முகவரி கொடுத்தது. மறுவருடம் நவம்பர் 25ல் மலேசிய இந்தியர்களுக்கு உரிமை கேட்ட இண்ட்ராஃப் பேரணிக்காக ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூர் தெருவில் நின்றார்கள். முணுமுணுத்த கோபம் ஒலிபெருக்கிக்கு வந்துவிட்டது. எனக்கு அதில் பெருமைதான். ஆனாலும் இன்றைய பாட்டுகளில் எனக்கு நகரத்துக் கோபமே அதிகம் கேட்கிறது. நிரையும் பெரட்டும் ஒட்டுப்பால் நாற்றமும் காணவில்லை.

பழைய பாட்டையும் புதுக் கோபத்தையும் சேர்க்க முடியும்: 1986ல் லண்டனில் 'தி போக்ஸ்' குழு நாலே பாட்டில் ஒரு குறுந்தட்டு போட்டது. பிழைக்கப்போன ஐரிஷ்காரர்களின் பழைய இசையும் பங்க் வேகமும் அதில் ஒன்றாகக் கொதிக்கும். 2021ல் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளை 'எஞ்சாய் எஞ்சாமி'க்குள் கொண்டுவந்தார். நெகிரி தோட்டங்களுக்கும் அப்படி நாலு பாட்டு வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. சொற்களுக்குப் பஞ்சமில்லை: இரா. தண்டாயுதம், முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் அலைந்து திரிந்து தொகுத்து வைத்திருக்கிறார்கள். மெட்டுதான் ஏட்டில் ஏறாது.

அந்த மெட்டு தெரிந்தவர்கள் சிரம்பான், பகாவ் பக்கத்துத் தாமான்களில் இன்னும் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டி. உருமிக் குழுப் பையன்கள் இந்த வாரமே கைபேசியோடு போய் அவர்கள் காலடியில் உட்கார வேண்டும். போகும்போது ஒரு தகர வாளியும் கொண்டுபோங்கள், தம்பி.